நாளைய கோழி யாருடையது?

பறவைக் காய்ச்சல் தொற்றாத கோழி, சேவல் குஞ்சே வெளிவராத முட்டை, உறைநிலையில் காத்திருக்கும் சிறுவிடை... ஆய்வகங்களில் உருவாகும் இந்தப் புதிய கோழிகள் தென்காசி வட்டாரத்துக்கு எதைக் கொண்டுவரும், எதைக் கொண்டுபோகும்?

சீசன் காலத்துச் சனிக்கிழமை இரவு. குற்றாலம் பேரருவியில் நனைந்த தலை காய்வதற்குள் கார்களும் வேன்களும் பிரானூர் பார்டரை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கின்றன. சாரல் விட்டபாடில்லை. கடை வாசலில் பரோட்டா அடுக்கை இரண்டு கைகளாலும் ஓங்கித் தட்டிப் பிய்த்துப் போடுகிறார் மாஸ்டர். பக்கத்துக் கல்லில் மிளகும் சின்ன வெங்காயமும் புரள, நாட்டுக்கோழி வறுபடுகிறது. கேரளப் பதிவெண் வண்டியில் வந்த குடும்பமும் மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பையன்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வாழை இலை விரிக்கும்போதே கேள்வி வந்துவிடுகிறது. “அண்ணே, நாட்டுக்கோழிதானே?”

பார்டரை ஒட்டிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லை அன்றே மேற்கே நகர்ந்துவிட்டது. ஆனால் கோழிக்கு மட்டும் எல்லை இன்றும் கண்டிப்பானது. ஆலப்புழையில் வாத்துகள் செத்து விழுந்தால், புளியரை சோதனைச் சாவடியில் லாரிகள் நிறுத்தப்படுகின்றன. டயர்களில் கிருமிநாசினி பீய்ச்சப்படுகிறது, கோழியும் முட்டையும் ஏற்றிவந்த வண்டிகள் திரும்பிப் போகின்றன.

இந்த இரண்டு காட்சிகளையும் மாற்றிவிடக்கூடிய ஆராய்ச்சி எடின்பரோவிலும் டெல் அவிவ் பக்கத்திலும் ஹைதராபாத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. “நாட்டுக்கோழியா, பிராய்லரா?” என்று கேட்கும் நாம், சில ஆண்டுகளில் “மரபணு திருத்தியதா, திருத்தாததா?” என்றும் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி வந்து சேருமுன் விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்கிய மஞ்சள்

கோழியின் மரபணுக் கதையில் குற்றாலத்துக்குப் பழைய பங்கு உண்டு. செண்பகாதேவி, தேனருவிப் பக்கத்துக் காடுகளில் விடிகாலையில் விட்டுவிட்டுக் கூவும் சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மின்னும்.

உலகத்து வீட்டுக் கோழிகள் எல்லாமே வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழித்தோன்றல்கள் என்றுதான் டார்வின் காலத்திலிருந்து நம்பப்பட்டுவந்தது. ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் தோல் வெள்ளை. கடையில் வாங்கும் கோழிகளில் பெரும்பாலானவற்றின் காலும் தோலும் மஞ்சள். இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லெய்ஃப் ஆண்டர்சன் குழு 2008-ல் விடை சொன்னது. தீவனத்திலுள்ள மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதிக்கான மரபணு தோலில் மந்தமாக வேலை செய்தால், நிறமி உடையாமல் தங்கித் தோல் மஞ்சளாகிறது. வீட்டுக் கோழிகளில் இருக்கும் அந்த மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. எப்போதோ ஒரு காலத்தில் தென்னிந்தியக் காட்டுச் சேவலும் வீட்டுப் பெட்டையும் சேர்ந்ததில் உள்ளே வந்த மஞ்சள், இன்று உலகம் முழுக்க நாமக்கல் முட்டைக்கோழி வரை பரவிக்கிடக்கிறது.

மரபணுக் கலப்பு கோழிக்குப் புதிதல்ல என்பது இதன் முதல் பாடம். காட்டுக்கும் கூட்டுக்கும் இடையே மரபணு தாண்டும் என்பது இரண்டாவது பாடம். அந்த இரண்டாவது பாடம் இந்தக் கட்டுரையில் மறுபடி தேவைப்படும்.

■ பெட்டி 1: பிராய்லர், மரபணு மாற்றிய கோழியா?

இல்லை. இந்தியச் சந்தையில் இறைச்சிக்காகவோ முட்டைக்காகவோ விற்கப்படும் எந்தக் கோழியும் மரபணு மாற்றப்பட்டதல்ல. வளர்ச்சிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பதும் வாட்ஸ்அப் வதந்திதான். பிராய்லர் வேகமாக எடை கூடுவது, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனவிருத்தி செய்ததாலும் தீவனத்தாலும்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதை அளந்து காட்டினார்கள். 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இறைச்சிக்கோழி இனங்களுக்கு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-வது நாளில் எடை: 1957-ன் கோழி 905 கிராம், 1978-ன் கோழி 1,808 கிராம், 2005-ன் கோழி 4,202 கிராம். மரபணுவில் கத்தரி வைக்காமலேயே நடந்த மாற்றம் இது.

எலிக்கு முடிந்தது கோழிக்கு ஏன் முடியவில்லை?

மரபணு மாற்றிய எலி 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆடு, பன்றி, மாடு என்று வரிசையாக வந்தன. கோழி மட்டும் பிடிகொடுக்கவில்லை. காரணம், முட்டை உருவாகும் விதம்.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்கிறது. அதிலிருந்து ஒரு மஞ்சள் கரு கழன்று கருக்குழாய்க்குள் விழுந்த கால் மணி நேரத்துக்குள் கருவுறுதல் நடந்தாக வேண்டும். பிறகு சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் ஓட்டுக்கு உட்புறச் சவ்வு. அடுத்த 20 மணி நேரம் ஓடு படிகிறது. எல்லாம் சேர்த்து 24 முதல் 26 மணி நேரம். பெட்டை கொக்கரித்துக்கொண்டு முட்டையிடும்போது, மஞ்சள் கருவின் மேல் தெரியும் அந்த வெளிறிய புள்ளியில் ஒரு செல்லாக இருந்தது ஏற்கெனவே 40,000 முதல் 60,000 செல்களாகப் பெருகிவிடுகிறது.

எலியில் ஒற்றைச் செல் கருவை வெளியே எடுத்து, ஊசியால் மரபணுவைச் செலுத்தித் திரும்ப வைத்துவிடலாம். கோழியில் அந்த ஒற்றைச் செல்லைப் பிடிக்கப் பெட்டையை அறுத்தாக வேண்டும். எடுத்தாலும் மஞ்சள் கருவோடு சேர்ந்த அதை உடலுக்கு வெளியே வளர்த்துக் குஞ்சாக்குவது பெரும்பாடு. ஸ்காட்லாந்தின் மார்கரெட் பெர்ரி 1988-ல் அதைச் செய்துகாட்டினார். ஆனாலும் அன்றாடம் கையாளக்கூடிய முறையாக அது அமையவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. சேவலை விற்ற பிறகும் இரண்டு வாரத்துக்குப் பெட்டை இடும் முட்டைகள் பொரிக்கும் என்பது ஊரில் கோழி வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அடை வைத்தால் கூமுட்டையாகப் போவதில்லை. பெட்டையின் கருக்குழாயில் விந்தணுக்களைப் பத்திரப்படுத்திவைக்கும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அங்கிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவை வெளியேறிக் கருவைச் சேர்கின்றன. உடல் சூட்டிலேயே இரண்டு, மூன்று வாரம் விந்தணுவைக் கெடாமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை ஆய்வகங்கள் இன்னும் முழுதாகப் படியெடுக்க முடியவில்லை.

ரத்தத்தில் கிடைத்த சாவி

பூட்டைத் திறந்தது கருவுக்குள்ளேயே இருந்த ஒரு செல். பின்னாளில் முட்டையாகவோ விந்தணுவாகவோ மாறப்போகும் ஆதி இனச்செல்கள் பாலூட்டிகளில் திசுக்களின் ஊடாக நகர்ந்து இனப்பெருக்க உறுப்பை அடைகின்றன. பறவைகளில் அவை ரத்தத்தில் இறங்கிப் பயணம் செய்கின்றன. அடை வைத்த இரண்டரை நாள் வாக்கில், அப்போதுதான் துடிக்கத் தொடங்கியிருக்கும் குட்டி இதயம் தள்ளும் ரத்தத்தில் அவை மிதந்துகொண்டிருக்கும்.

முட்டையோட்டில் சிறு சன்னல் வெட்டி, ஊசிமுனையளவு ரத்தம் எடுத்தால் போதும். அதிலுள்ள ஆதி இனச்செல்களைத் தனியே வளர்க்கலாம் என்பதை 2006-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. வளர்த்த செல்லில், மரபணுக் கத்தரி எனப்படும் கிரிஸ்பர் முறையால் வேண்டிய இடத்தில் திருத்தம் செய்கிறார்கள். திருத்திய செல்லை இன்னொரு முட்டையிலுள்ள கருவின் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது தானே வழி கண்டுபிடித்துப் போய் உறுப்பில் அமர்கிறது. அந்தக் குஞ்சு வளர்ந்து போடும் அடுத்த தலைமுறையில் திருத்தப்பட்ட கோழி பிறக்கிறது.

இந்தியாவும் இந்தத் துறையில் சும்மா இருக்கவில்லை. ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தில் டி.கே. பட்டாச்சார்யா குழு, தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவின் குரலைக் குறைத்து எடை கூடிய கோழிகளை உருவாக்கியது. முடிவுகள் 2017-லும் 2019-லும் அறிவியல் இதழ்களில் வெளியாயின. அவை ஆய்வகத்தைத் தாண்டிச் சந்தைக்கு வரவில்லை.

புளியரையில் லாரி நிற்காத நாள் வருமா?

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். கேரளத்தின் குட்டநாடு பகுதியில் 2014, 2016, 2021, 2024 எனத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பது அரசின் நடைமுறை. பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. ஒரு கோழிகூடச் சாகாத தென்காசிப் பக்கத்திலும் அந்த வாரங்களில் கறிக்கடையில் கூட்டம் குறைகிறது, விலை சரிகிறது, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் வியாபாரம் தடுமாறுகிறது.

இங்கேதான் எடின்பரோவின் ரோஸ்லின் ஆய்வகம் வருகிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழியின் செல்லுக்குள் நுழைந்தபின் பெருகுவதற்கு ஏ.என்.பி.32.ஏ என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிவிட்டால் வைரஸுக்குப் பிடி கிடைக்காது. மைக் மெக்ரூ, ஹெலன் சாங், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வெண்டி பார்க்ளே ஆகியோர் பங்கேற்ற இந்த ஆய்வு 2023 அக்டோபரில் வெளியானது.

வழக்கமாகத் தொற்றக்கூடிய அளவு வைரஸைக் கொடுத்தபோது, திருத்தப்பட்ட 10 கோழிகளில் 9-க்கு நோய் தொற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் உடல்நலத்திலோ முட்டையிடுவதிலோ குறை தெரியவில்லை. ஆனால் ஆயிரம் மடங்கு வைரஸைச் செலுத்தியபோது பாதிக் கோழிகள் நோயில் விழுந்தன. அவற்றில் பெருகிய வைரஸ், திருத்தப்பட்ட புரதத்தையும் அதன் பங்காளிப் புரதங்கள் இரண்டையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தது. மூன்றையும் சேர்த்துத் திருத்தினால் வைரஸ் முழுதாக நின்றுபோகிறது என்பதை ஆய்வகச் செல்களில் கண்டார்கள். மூன்றும் திருத்திய கோழி நலமாக வாழுமா என்பது தனிக் கேள்வி.

அரைகுறைத் தடுப்பு ஆபத்தானது என்பதே இதன் பொருள். ஒரு பூட்டு மட்டும் போட்ட கோழிகளைக் கோடிக்கணக்கில் பண்ணைகளில் அடைத்தால், அந்தப் பூட்டைத் திறக்கப் பழகும் வாய்ப்பை வைரஸுக்கு நாமே கொடுத்தவர்களாவோம். புளியரையில் லாரி நிற்காத நாள் வரலாம். ஒற்றைத் திருத்தத்தை நம்பி அந்த நாளைக் கொண்டுவரக் கூடாது.

முற்றத்துக் கோழிக்கு எமன் வேறு

இலஞ்சியிலும் பண்பொழியிலும் கடையத்திலும் வீட்டு முற்றத்தில் பத்துக் கோழி வளர்க்கும் பெண்களிடம் எந்த நோயால் கோழி போகிறது என்று கேட்டால் பறவைக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். ராணிக்கெட் என்று புத்தகங்கள் சொல்லும் அதே நோய். கோடை தொடங்கும்போது தெருவில் ஒரு வீட்டில் புகுந்தால், வாரத்துக்குள் தெருவே காலி. ரோஸ்லின் திருத்திய புரதத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. காய்ச்சல் தொற்றாத கோழியும் கழிச்சலில் சாகும்.

2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கோழியினப் பறவைகள் 85.18 கோடி. அதில் 31.7 கோடி வீட்டு முற்றங்களில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட முற்றத்துக் கோழிகள் 46 சதவிகிதம் பெருகியிருந்தன. மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையில் முதல் மாநிலம் 12.08 கோடியோடு தமிழ்நாடு.

இந்த முற்றத்துக் கோழிக்கான ஆராய்ச்சியும் நடக்காமல் இல்லை. கானாவிலும் தான்சானியாவிலும் உள்ளூர்க் கோழிகளில் ராணிக்கெட் நோயை இயல்பாகவே தாக்குப்பிடிப்பவற்றின் மரபணு அடையாளங்களைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தேடியது. கத்தரி வைக்கும் முன், ஏற்கெனவே ஊரில் இருக்கும் எதிர்ப்பு சக்தியைக் கண்டுபிடித்துப் பெருக்கும் வழி இது. நம்மூர்க் கோழிகளில் இப்படி ஒரு தேடல் எடின்பரோவின் தேவையல்ல, நம்முடைய தேவை.

சேவல் குஞ்சுகள் எங்கே போகின்றன?

திருவிழாக் கடைகளில் பச்சை, ஊதா, ரோஸ் சாயம் தோய்த்து விற்கும் கலர் குஞ்சுகளை நினைவிருக்கிறதா? பெரும்பாலும் அவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் வேகமாக வளராது. பண்ணைக்கு வேண்டாத பிறவி. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 600 கோடிக்கும் மேற்பட்ட சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பீடு. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைச் சட்டத்தால் தடுத்தது. பிரான்ஸும் தொடர்ந்தது.

இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் யூவல் சின்னமன் குழு 2022 டிசம்பரில் அறிவித்த ‘கோல்டா’ கோழி இதற்கு ஒரு மரபணு விடை. பறவைகளில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதை முடிவு செய்வது தாய்தான். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகிறது, டபிள்யூ மகளுக்கு மட்டுமே போகிறது. ஆகவே தாயின் இசட்டில் ஒரு திருத்தம் வைத்தால் அது மகன்களை மட்டும் சேரும். அந்த முட்டைகள்மீது சில மணி நேரம் நீல ஒளி பாய்ச்சினால், சேவல் கரு தொடக்கத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பெட்டைக் குஞ்சு திருத்தம் எதுவும் இல்லாமல் பொரிக்கும். அது இடும் முட்டையைத் தின்பவருக்கும் திருத்தப்பட்ட மரபணு வந்து சேராது.

குஞ்சுகளை அரைத்துக் கொல்வதைவிட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தாய்க்கோழியின் உரிமம் யார் கையில் இருக்கும்? பிராய்லரின் தாய்-தந்தை இனங்கள் இன்றைக்கே உலகில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் நிறுவனங்களிடம் இருக்கின்றன. கோல்டா போன்ற தொழில்நுட்பம் வரும்போது முட்டைக்கோழியும் அதே வழியில் இன்னும் இறுகும். குஞ்சு வாங்கும் பண்ணையாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் காப்புரிமைக் கட்டணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டிவரும்.

■ பெட்டி 2: உலகம் இதுவரை

● 2011: பறவைக் காய்ச்சலைப் பிற கோழிகளுக்குப் பரப்பாத, மரபணு மாற்றிய கோழியை ரோஸ்லின், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

● 2015 டிசம்பர்: அரிய கொழுப்பு வளர்சிதை நோய் ஒன்றுக்கான ‘கனுமா’ மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. மரபணு மாற்றிய கோழிகளின் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது. அந்தக் கோழிகள் உணவுக்கு வருவதில்லை.

● 2020: பண்ணைக் கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸ் தொற்றாத கோழியைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

● ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகமும் கியூபி நிறுவனமும், முட்டை ஒவ்வாமைக்குக் காரணமான ஓவோமியூக்காய்டு புரதம் இல்லாத முட்டையை ஆய்ந்துவருகின்றன.

● 2025: நோய் எதிர்க்கும் மரபணு திருத்திய பன்றியை உணவுக்கு அமெரிக்கா அனுமதித்தது. அதே ஆண்டு, இந்தியாவின் முதல் மரபணு திருத்திய செம்மறி ஆட்டுக்குட்டியைக் காஷ்மீரின் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் அறிவித்தது.

சிறுவிடைக்கு ஒரு உறைபனி வங்கி

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடத் தமிழ்நாட்டுக்கு உடனே பயன்படக்கூடியது, இதே ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படாத ஒரு கிளை.

பார்டர் கடைகளின் புகழ் பரவப் பரவ ‘நாட்டுக்கோழி’க்குத் தேவை ஏறிவிட்டது. அந்தத் தேவையைப் பெரும்பாலும் நிரப்புவது பண்ணையில் வளரும் கலப்பினக் கோழிகள். உண்மையான நாட்டுக்கோழி இனமான சிறுவிடைக்குச் சிறிய உடம்பு, ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை, தானே அடை காக்கும், பருந்து நிழல் கண்டால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். 300 முட்டைக்கு மேல் இடும் பண்ணைக் கோழி அடை காப்பதையே மறந்துவிட்டது. பெருவிடையும் அசிலும் சேவற்கட்டுப் பிரியர்கள் தயவில் பிழைத்திருக்கின்றன. கலப்பினச் சேவல் ஒன்று தெருவில் புகுந்தால், நாலு தலைமுறையில் அந்தத் தெருவின் சிறுவிடை ரத்தம் நீர்த்துப்போகும்.

மாட்டினத்தைக் காக்க விந்தை உறையவைத்து வங்கியில் சேர்த்துவிடலாம். கோழியில் அது பாதிக் காப்புதான். சேவலின் விந்தில் டபிள்யூ குரோமோசோம் இல்லை, தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. முட்டையை உறையவைக்கவோ மஞ்சள் கருவின் பருமன் இடம்கொடுக்காது. எஞ்சிய வழி, ஆதி இனச்செல்களைத் திரவ நைட்ரஜனில் சேமிப்பது. சேவல் வழியும் பெட்டை வழியும் இரண்டுமே அதில் காக்கப்படும்.

சேமித்ததைத் திரும்பக் கோழியாக்குவது எப்படி? ரோஸ்லினின் மெக்ரூ குழு 2021-ல் வழி காட்டியது. தன் சொந்த இனச்செல்கள் அழிக்கப்பட்ட சேவலையும் பெட்டையையும் வாடகைப் பெற்றோராகத் தயார் செய்தார்கள். அவற்றின் கருவில் வேறு இனத்தின் சேமித்த செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்து இரண்டும் சேர்ந்தபோது, பொரித்த குஞ்சுகள் முழுக்க முழுக்க அந்த வேறு இனத்தவை. வாடகைப் பெற்றோரில் செய்த மரபணு மாற்றம் குஞ்சுகளுக்குப் போகவில்லை.

அதாவது, ஒரு சாதாரணப் பண்ணைக்கோழி சிறுவிடைக் குஞ்சைப் பெற முடியும். பறவைக் காய்ச்சலோ கழிச்சலோ ஓர் இனத்தையே அழித்தாலும், குப்பியிலிருந்து அதை மீட்க முடியும். ஆப்பிரிக்க உள்ளூர்க் கோழிகளுக்காக நைரோபியின் சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே இந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது. சிறுவிடை, அசில் பற்றிய ஆய்வு அனுபவம் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கல்லூரி இருக்கிறது. தென்காசியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூலச் செல்கள் வேண்டுமென்றால் எடின்பரோவுக்குப் போக வேண்டாம், மேலகரத்து முற்றத்துக்குப் போனால் போதும்.

கூட்டிலிருந்து காட்டுக்கு

இப்போது அந்த இரண்டாவது பாடம். காட்டுச் சேவலின் மஞ்சள் மரபணு வீட்டுக் கோழிக்குள் வந்தது போல, வீட்டுக் கோழியின் திருத்தப்பட்ட மரபணு காட்டுக்குள் போகுமா?

சிவப்புக் காட்டுக்கோழிக்கு நேர்ந்தது எச்சரிக்கையாக இருக்கிறது. வீட்டுக் கோழியின் மரபணுக்கள் அதற்குள் பெருமளவு ஊறிவிட்டதாகச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2023-ல் கண்டார்கள். சாம்பல் காட்டுக்கோழி வேறு இனம் என்பதால் கலப்பு அரிது, ஆனால் நடக்காதது அல்ல. மஞ்சள் தோலே அதற்குச் சாட்சி. குற்றாலத்தில் காட்டின் விளிம்பும் தோப்பு வீடுகளும் ஒட்டிக்கிடக்கின்றன. நெல்லை வனவிலங்கு சரணாலயத்தின் எல்லைக் கல்லைக் கோழிகள் படித்துப் பார்ப்பதில்லை. மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட பெட்டை எங்கே போகிறது, எந்தச் சேவல் வந்து போகிறது என்று யாரும் காவல் நிற்க முடியாது.

பண்ணைக் கொட்டகையில் அடைத்து வளர்க்கும் கோழிக்கு இந்த ஆபத்து குறைவு. முற்றத்துக் கோழிக்கு அதிகம். ஆகவே ‘விவசாயிகளுக்கு இலவச நோய் எதிர்ப்புக் கோழி’ என்று யாராவது மலையடிவாரத்தில் விநியோகிக்க முன்வந்தால், முதல் கேள்வியாக இதைக் கேட்க வேண்டும்: காட்டுக்கோழியில் கலந்தால் என்ன ஆகும் என்று யார் பார்த்தார்கள்?

சட்டம் எங்கே நிற்கிறது?

2022 மார்ச் 30-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி மரபணு சேர்க்காமல் திருத்தப்பட்ட பயிர்களுக்கு மட்டும் கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அந்த வழியில்தான் 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. விலங்குகளுக்கு விலக்கு இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ம் ஆண்டு விதிகளின்படி, திருத்திய கோழிக்கு மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

நெல்லுக்குத் திறந்த கதவு நாளை கோழிக்கும் திறக்கலாம். திறக்குமுன் விவாதம் டெல்லியோடு முடிந்துவிடக் கூடாது. முட்டை உற்பத்தியில் ஆந்திரத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலம் நாம்.

■ பெட்டி 3: சந்தேகம் தீர

*மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம் இரண்டும் ஒன்றா?* மாற்றத்தில் பெரும்பாலும் வேறோர் உயிரின் மரபணு சேர்க்கப்படும். திருத்தத்தில் கோழியின் சொந்த மரபணுவிலேயே சில எழுத்துகள் மாற்றப்படும் அல்லது நீக்கப்படும்.

*கடையில் வாங்கும் முட்டையில் கரு இருக்குமா?* இருக்காது. முட்டைப் பண்ணைகளில் சேவல் கிடையாது. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்.

*கறி தின்றால் கோழியின் மரபணு நமக்குள் புகுமா?* புகாது. எந்த உணவின் மரபணுவும் செரிமானத்தில் சிதைந்துவிடும். பார்க்க வேண்டியது, திருத்தத்தால் புதிய புரதம் ஏதும் உருவாகி ஒவ்வாமை தருகிறதா என்பதைத்தான்.

*பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழிக்கறி சாப்பிடலாமா?* நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் வைரஸ் பிழைக்காது. நோயுற்ற, செத்த பறவைகளை வெறுங்கையால் தொடுவதுதான் ஆபத்து.

நாம் கேட்க வேண்டியவை

இந்தத் தொழில்நுட்பத்தைப் பூதம் என்று விரட்டுவதும் தவறு, வரம் என்று கும்பிடுவதும் தவறு. வரிசை சரியாக இருந்தால் நன்மை. முதலில் காப்பது, பிறகு திருத்துவது. இதுதான் இந்த இதழின் நிலை.

ஒன்று: சிறுவிடை, பெருவிடை, அசில் ஆகியவற்றின் ஆதி இனச்செல்களைச் சேமிக்கும் வங்கி அரசு நிறுவனத்தில் அமைய வேண்டும். அதன் மரபணு வளத்துக்கு எந்தத் தனியாரும் காப்புரிமை கோர முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

இரண்டு: பொதுப் பணத்தில் நடக்கும் கோழி மரபணு ஆய்வில் வெள்ளைக்கழிச்சலுக்கு முன்னுரிமை வேண்டும். எடை கூட்டும் ஆய்வு அதற்குப் பிறகு.

மூன்று: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சாம்பல் காட்டுக்கோழியின் மரபணு நிலவரத்தை இப்போதே பதிவு செய்ய வேண்டும். கலப்பு நடந்த பின் அளந்தால், எதோடு ஒப்பிடுவது?

நான்கு: திருத்திய கோழியோ முட்டையோ விற்பனைக்கு வந்தால், பொட்டலத்தில் மட்டும் அல்ல, கடைப் பலகையிலும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். தின்பவருக்கும் சமைப்பவருக்கும் தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு.

இவையெல்லாம் நடக்கக் காலம் பிடிக்கும். இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராகக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கட்டணம் கிடையாது. உங்கள் ஊரில் எந்த நாள் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவைத்துக்கொண்டு, முற்றத்துக் கோழிகளை முந்தின இரவே கூடையில் கவிழ்த்து வையுங்கள். வங்கியில் சேர்க்க வேண்டிய சிறுவிடை அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.